மின்னிறக்கத்தால் சாயத் தண்ணீரைச் சிதைப்பது: ஆய்வுக்கூட ரியாக்டர் கட்டி ஓட்டும் முறை

நொய்யலில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இன்று அங்கே ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்பதே நிபந்தனை. பாக்டீரியாத் தொட்டியைத் தாண்டியும் நிறம் தங்கிவிடும். தண்ணீரை மறுபடி பயன்படுத்த வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வில் அந்த நிறமும் கரிமப் பொருளும் போய்ப் படியும். பாக்டீரியாவால் கடிக்க முடியாத அந்த மிச்சத்தை உடைக்க மின்னிறக்கம், அதாவது உயர் மின்னழுத்தத்தால் வாயு வழியே பொறி பறக்கவிடுவது, உதவும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தை வைத்து, அரை லிட்டர் அளவில் அதைச் செய்து பார்க்கும் முறை இது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்து பழகிய ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். மின்பொறி ஓடும் ஈரக் காற்றில் ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ரேடிக்கல் (எதிர்ப்படுவதை உடனே தாக்கும் நிலையற்ற மூலக்கூறுத் துண்டு) எல்லாம் உருவாகின்றன. ஆக்சிஜனேற்றத் திறனில் ஹைட்ராக்சிலுக்கு 2.8 வோல்ட், ஓசோனுக்கு 2.07, குளோரினுக்கு 1.36. வலுவில் முதலிடம் ஹைட்ராக்சிலுக்குத்தான், ஆனால் அதற்கு ஆயுள் இல்லை. சாயத் தண்ணீருக்குள் அது மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் உயிரோடு இருக்கும். பிறந்த இடத்திலிருந்து மைக்ரான் அளவு நகர்வதற்குள் எதையாவது தாக்கித் தீர்ந்துவிடும். ஒரு விரல் ஆழத் தண்ணீரின் மேல் எவ்வளவு பொறி பறக்கவிட்டாலும் மேல்தோல்தான் வேலை செய்யும், அடித்தண்ணீர் சும்மா கிடக்கும். வோல்ட்டை ஏற்றுவதைவிடத் தண்ணீரை மெல்லிய படலமாக்கிப் பொறிக்கு முன்னால் திரும்பத் திரும்பக் கொண்டுவருவதே பலன் தரும். கீழே வரும் ஒவ்வொரு அளவும் இதற்காகத்தான்.

ரியாக்டரின் அமைப்பு

நடுவில் 20 மி.மீ. வெளிவிட்டமுள்ள எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு) குழாய், நீளம் 350 மி.மீ. அதைச் சுற்றி 25 மி.மீ. உள்விட்டம், 2 மி.மீ. சுவர் கொண்ட போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய், நீளம் 300 மி.மீ. இரண்டுக்கும் இடையே 2.5 மி.மீ. வெளி. தொட்டியிலிருந்து பம்ப் தள்ளும் தண்ணீர் எஸ்.எஸ். குழாயின் அடியில் நுழைந்து, உள்ளே ஏறி, மேல் விளிம்பில் வழிந்து, வெளிச்சுவரில் படலமாக இறங்கி, மறுபடி தொட்டிக்கே போகும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் 200 மி.மீ. நீளத்துக்கு அலுமினிய ஃபாயில் டேப். உயர் மின்னழுத்தம் அதற்கு. எஸ்.எஸ். குழாயும் தண்ணீரும் எர்த்தில் இருக்கும். இதைத் தலைகீழாக மாற்றினால் பம்ப், தொட்டி, டியூப் எல்லாம் உயர் மின்னழுத்தத்துக்குப் போய்விடும். மாற்றவே மாற்றாதீர்கள்.

நடுவே கண்ணாடி நிற்பது வெறும் உறைக்காக இல்லை. அது மின்னைத் தடுப்பதால் பொறி ஒரே இடத்தில் தடித்து வில்லாக மாறாமல், நூல் நூலாக நீளம் முழுவதும் பரவுகிறது. ஓசோன் இயந்திரங்களும் இதே அடிப்படையில்தான் ஓடுகின்றன. சீமென்ஸ் 1857-இல் காட்டிய அமைப்பு அது. அங்கே காய்ந்த வாயுவில் பொறி பறக்கும், ஓசோன் மட்டும் தண்ணீருக்குப் போகும். இங்கே தண்ணீரே மின்முனையாக இருப்பதால், ஆயுள் குறைந்த ரேடிக்கல்களும் அதன் மேலேயே பிறக்கின்றன.

எஸ்.எஸ். குழாயின் மேல் விளிம்பை லேத்தில் சமமாகச் சீவி, வெளிப்பக்கம் லேசாகச் சரித்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரை 220 எண் எமரித் தாளால் தேய்த்துச் சோப்பில் கழுவுங்கள். பளபளப்பான எஸ்.எஸ். மேல் தண்ணீர் முத்து முத்தாகப் பிரியும். தேய்த்த பரப்பில்தான் படலமாக ஒட்டும். இரசமட்டம் வைத்துக் குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கம் காய்ந்த கோடு விழும். பொறி அந்தக் காய்ந்த இடத்தையே தேடிப் போய் நிற்கும், கண்ணாடி அங்கே சூடேறி வெடிக்கும். இந்த ரியாக்டர் பழுதாவதற்கு முதல் காரணம் இதுதான். மின்சாரம் கொடுப்பதற்கு முன், சாயம் கலந்த தண்ணீரை 10 நிமிடம் ஓட்டி, படலம் எங்கும் பிளவில்லாமல் இறங்குகிறதா என்று சுற்றிவரப் பாருங்கள்.

ஓட்டம் நிமிடத்துக்கு 200 மி.லி. இந்த விட்டத்தில் கணக்குப்படி படலத்தின் தடிமன் சுமார் 0.24 மி.மீ. ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் தடிமன் 26 சதவீதம்தான் கூடும், ஆனால் அலை பெரிதாகும். அலை கண்ணாடியைத் தொட்டால் அந்த இடத்தில் வாயு இடைவெளியே இல்லை, பொறியும் இல்லை. குழாய்களின் இடைவெளியை 2 மி.மீ.க்குக் கீழே குறைத்தாலும் இதே தொல்லைதான். சாயப்பட்டறையிலிருந்து வரும் நிஜத் தண்ணீரில் சோப்பும் நனைப்பானும் இருக்கும். அது நுரைத்து இடைவெளியை அடைத்துவிடும். நுரை வந்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். சிலிக்கோன் நுரைக்கொல்லியை ஊற்றினால் அதுவே கரிமப் பொருளாகக் கணக்கில் ஏறும்.

மேல் மூடி, கீழ் மூடி இரண்டும் டெஃப்லானில். வாயு மேலே நுழைந்து தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கட்டும். எதிரெதிராக விட்டால் விளிம்பில் தண்ணீர் தெறிக்கும். கீழ் மூடியில் தண்ணீருக்கு ஒரு வழி, வாயுவுக்குப் பக்கவாட்டில் ஒரு வழி. தண்ணீர் வழியில் 10 மி.மீ. உள்விட்ட டியூபை 20 செ.மீ. ஆழமுள்ள யூ வளைவாகப் போட்டால் வாயு அதன் வழியே தப்பாது. டியூப் எல்லாம் சிலிக்கோன் அல்லது டெஃப்லான். சாதாரண ரப்பரில் ஓசோன் பட்டால் சில நாளிலேயே வெடிப்பு விழுந்துவிடும்.

பக்கவாட்டில் வெளியேறும் வாயுவைத் தொட்டித் தண்ணீருக்குள் 8 செ.மீ. ஆழத்தில் ஒரு சின்டர்டு (நுண்துளைகள் நிறைந்த) கண்ணாடிக் கல் வழியே குமிழவிடுங்கள். ரியாக்டரில் கரையாத ஓசோன் இதில்தான் இருக்கிறது, அதை வீணாக்கக் கூடாது. யூ வளைவின் ஆழம் கல்லின் ஆழத்தைவிடக் கட்டாயம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் வாயு சுலபமான வழியைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் டியூபில் ஓடிவிடும். வாயு நின்றால் தண்ணீர் பின்னோக்கி ஏறாதபடி நடுவே ஒரு காலி பாட்டிலும் வேண்டும்.

மிச்ச ஓசோனைப் பிடிக்க, தொட்டியிலிருந்து வரும் வாயுவை 2 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு கரைசல் 250 மி.லி. உள்ள பாட்டிலுக்குள் விடுங்கள். அதன் முழுக் கொள்ளளவு சுமார் 0.7 கிராம் ஓசோன். நிறம் அடர் பழுப்பாவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு எல்லாமே ஃபியூம் ஹுட்டுக்குள்தான் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வுக்கூடப் பெட்டி) இருக்க வேண்டும். வேலையிடத்தில் 8 மணி நேரச் சராசரியாக ஓசோனுக்கு 0.1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) எல்லை. மூக்கு அதற்கு முன்பே வாசனையைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் சீக்கிரம் மரத்துப்போகும். வாசனை போய்விட்டதால் ஓசோனும் போய்விட்டது என்று நம்பாதீர்கள்.

மின்சாரம்

இந்த இடைவெளியில் காற்று உடைந்து பொறி தொடங்க, கண்ணாடியில் விழும் பங்கையும் சேர்த்து உச்சத்தில் சுமார் 10 கிலோவோல்ட் தேவை. நிலையாக ஓட 14 கிலோவோல்ட் உச்சம். 0 முதல் 20 கிலோவோல்ட் உச்சம் வரை மாற்றக்கூடிய, 500 ஹெர்ட்ஸ் முதல் சில கிலோஹெர்ட்ஸ் வரை போகும் சைன் அலை சப்ளை பொருத்தம். பொறியில் இறங்கும் சக்தி அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்தில் கூடும். இதே ரியாக்டரில் 14 கிலோவோல்ட்டில் 50 ஹெர்ட்ஸுக்குக் கணக்கில் வருவது 3 வாட் அளவுதான். 500 ஹெர்ட்ஸில் 30 வாட் அளவு.

நியான் விளக்கு டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. 15 கிலோவோல்ட் என்று எழுதிய இரும்புக்கோர் டிரான்ஸ்ஃபார்மரில் பெரும்பாலும் செகண்டரியின் நடுப்புள்ளி எர்த்தில் இருக்கும். எர்த்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு முனைக்கும் பாதிதான் கிடைக்கும், அது இங்கே பொறியைத் தொடங்கும் விளிம்பில் நிற்கும். ஒரு முனையை எர்த் செய்தால் பாதிச் சுற்று ஷார்ட்டாகிவிடும். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அதன் மின்னோட்டம் ஒரே தொடுதலில் கொல்லும்.

ஃபாயிலின் இரு ஓரமும் கண்ணாடியின் முனைகளிலிருந்து 50 மி.மீ. உள்ளே நிற்கட்டும், இல்லாவிட்டால் பொறி கண்ணாடியின் மேலேயே ஊர்ந்து எர்த்துக்குப் போகும். ஓரங்களைச் சிலிக்கோன் பூசி மூடுங்கள். ஃபாயிலை ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, கண்ணாடிக்கும் அதற்கும் இடையே காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். குமிழி இருந்தால் அங்கேயும் பொறி பறக்கும். அந்தச் சக்தி தண்ணீருக்கு வராது, ஆனால் உங்கள் கணக்கில் ஏறும். உயர் மின்னழுத்தப் பாகங்களுக்கும் எர்த்திலுள்ள எந்த உலோகத்துக்கும் இடையே 10 செ.மீ. இடைவெளி வையுங்கள். முழுவதையும் அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து, கதவைத் திறந்தால் சப்ளை தானே நிற்கும்படி இன்டர்லாக் போடுங்கள்.

எத்தனை வாட் உள்ளே போனது என்று அளக்காமல் செய்த சோதனையை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது. சப்ளையின் முகப்பில் காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ்.எஸ். குழாய்க்கும் எர்த்துக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் பாலிபுரோப்பிலீன் கண்டென்சரைப் போடுங்கள். அதன் மேலுள்ள வோல்ட்டை ஆசிலாஸ்கோப்பின் ஒரு சேனலுக்கும், ஃபாயிலின் வோல்ட்டை 1000 மடங்கு குறைக்கும் புரோப் வழியே இன்னொரு சேனலுக்கும் கொடுத்து எக்ஸ்-ஒய் முறையில் பாருங்கள். சாய்ந்த இணைகரம் ஒன்று தெரியும். அதன் பரப்பைக் கண்டென்சர் மதிப்பாலும் அதிர்வெண்ணாலும் பெருக்கினால் பொறியில் இறங்கும் வாட் வரும்.

இதில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. தண்ணீர் வேறு எங்காவது எர்த்தைத் தொட்டால் மின்னோட்டம் கண்டென்சரைச் சுற்றிப் போய்விடும், வாட் குறைவாகக் காட்டும். ஆகவே டியூபை வெளியிலிருந்து பிழிந்து தண்ணீரைத் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப்பையே பயன்படுத்துங்கள். தொட்டி கண்ணாடியாக, டெஃப்லான் பலகை மேல் இருக்கட்டும். பி.எச். முனையையோ உலோகத் தெர்மாமீட்டரையோ ஓட்டத்தின்போது உள்ளே விடக் கூடாது. கண்டென்சர் அறுந்தால் தண்ணீர் முழுதும் உயர் மின்னழுத்தத்துக்குப் போகும் ஆபத்து உண்டு. அதற்கு இணையாக மின்னழுத்தம் எகிறினால் அதை எர்த்துக்குக் கடத்திவிடும் 230 வோல்ட் வாயுக்குழாய் சர்ஜ் அரெஸ்டர் ஒன்றை வைத்து, அளந்து முடிந்ததும் கண்டென்சரைச் சுவிட்சால் ஷார்ட் செய்துவிடுங்கள்.

சாயக் கரைசல்

500 மி.லி.க்கு 25 மி.கி. சாயம், அதாவது லிட்டருக்கு 50 மி.கி. கடையில் வாங்கும் தூளில் சாயம் பாதி அளவே இருக்கலாம், மீதி உப்பு. லேபிளில் சாய அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாயத் தொட்டியிலிருந்து கழிவாக வருவது துணியில் ஒட்டாமல் நீராற்பகுப்படைந்த, அதாவது தண்ணீரோடு வினைபுரிந்துவிட்ட சாயம். தூளைத் தண்ணீரில் கரைத்தால் மட்டும் அது கிடைக்காது. சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 12-க்கு ஏற்றி, 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, நீர்த்த கந்தக அமிலத்தால் 7-க்கு இறக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், குளோரைடு உள்ளே வந்துவிடும். மின்கடத்துதிறனையும் குறியுங்கள்.

ஓட்டும் வரிசை

முதல் நாள் ஓட்டத்தில் பொறியே வேண்டாம். தண்ணீரும் வாயுவும் மட்டும் 30 நிமிடம். ஆவியாவதாலோ டியூபில் ஒட்டுவதாலோ நிறம் எவ்வளவு குறைகிறது என்று இதில்தான் தெரியும்.

அடுத்து நிஜ ஓட்டம். பம்பைப் போட்டுப் படலம் சரியானதும் நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயுவைத் திறந்து 5 நிமிடம் காத்திருங்கள். வோல்ட்டை மெல்ல ஏற்றுங்கள். விளக்கை அணைத்தால் ஊதாநிறப் பொறி நூல்கள் குழாய் நீளத்துக்கும் அசைந்தபடி தெரிய வேண்டும். ஒரே இடத்தில் அசையாமல் பிரகாசமாக ஒரு புள்ளி நின்றால் உடனே நிறுத்துங்கள். அங்கே படலம் காய்ந்திருக்கிறது. 30 வாட்டை அரை லிட்டருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், வெளியே போகும் வெப்பத்தைக் கழிக்காவிட்டால், தண்ணீரின் வெப்பநிலை இருந்ததைவிடச் சுமார் 50 டிகிரி கூடும். தொட்டியை ஐஸ் தண்ணீருள்ள பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து 25–30 டிகிரியில் பிடியுங்கள். சூடேறினால் ஓசோன் கரையாது, இருப்பதும் சிதையும்.

0, 2, 5, 10, 15, 20, 30-ஆம் நிமிடங்களில் 3 மி.லி. மாதிரி எடுங்கள். ஒவ்வொரு முறையும் வோல்ட்டைப் பூஜ்யமாக்கி, சப்ளையை நிறுத்தி, எர்த் கம்பியால் ஃபாயிலைத் தொட்ட பிறகே கை உள்ளே போகலாம். நிறுத்திய நேரத்தைக் கடிகாரத்திலிருந்து கழித்துவிடுங்கள்.

மாதிரியை எடுத்து வைத்தாலும் அது சும்மா இருக்காது. கரைந்த ஓசோனும் பெராக்சைடும் சாயத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் காற்றைக் குமிழவிட்டு ஓசோனை விரட்டி, 0.05 மோலார் சோடியம் தயோசல்ஃபேட் ஒரு சொட்டு விட்டு, 597 நானோமீட்டரில் உட்கவர்வை (கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு) உடனே படியுங்கள். காற்றில் பொறி ஓட்டியதால் பி.எச். 3 ஆகிவிட்ட மாதிரியில் தயோசல்ஃபேட் கந்தகமாக மெல்லப் பிரிந்து கலங்கும். தாமதித்தால் அந்தக் கலங்கலும் நிறமாகக் கணக்கில் வரும். புற ஊதாப் பகுதியில் 254-இல் படிப்பதானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: ஓசோன் 260-ஐ ஒட்டிக் கவர்கிறது, நைட்ரைட்டும் நைட்ரேட்டும் தங்கள் பங்குக்குக் கவர்கின்றன.

காற்றா, ஆக்சிஜனா?

காற்று இலவசம். ஆனால் அதிலுள்ள நைட்ரஜன் பொறியில் நைட்ரிக், நைட்ரஸ் அமிலங்களாகித் தண்ணீரில் இறங்கும். பி.எச். 3-ஐ நோக்கிச் சரியும், மின்கடத்துதிறன் ஏறும். ஒரு மாசை எடுத்து இன்னொன்றைப் போட்ட கதையாகிவிடக் கூடாது. இந்தியக் குடிநீர்த் தரம் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மி.கி. எல்லை வைத்திருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டரின் வாயு இதற்கு நல்லது. நைட்ரேட் வெகுவாகக் குறையும், ஓசோன் கூடும். இணைப்புகளில் கிரீஸ், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது, ஆக்சிஜனில் தீப்பிடிக்கும்.

பி.எஃப்.ஓ.ஏ. (பெர்ஃபுளோரோ ஆக்டனாயிக் அமிலம்) போன்ற ஃபுளோரின் மாசுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஹைட்ராக்சில் அவற்றை அநேகமாகத் தொடாது. அங்கே ஆர்கானைக் குமிழவிட்டு, மாசைக் குமிழியின் மேல்தோலில் ஏற்றிப் பரப்புக்குக் கொண்டுவந்து, மேலே பொறியை ஓட்டுவார்கள். எலக்ட்ரானும் ஆர்கான் அயனியும்தான் அங்கே வேலை செய்கின்றன.

கணக்கும் ஏமாற்றங்களும்

ஆரம்ப உட்கவர்வை அந்தந்த நேரத்து உட்கவர்வால் வகுத்து, அதன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். செலவை ஒரு கன மீட்டரில் மாசைப் பத்தில் ஒன்றாக்கத் தேவையான யூனிட்டாகச் சொல்வது வழக்கம். உதாரணமாக, 30 வாட்டில் 20 நிமிடத்தில் 90 சதவீத நிறம் போனால், செலவு 0.01 யூனிட், தண்ணீர் 0.0005 கன மீட்டர். ஆக 20 யூனிட். இது பொறியில் இறங்கிய சக்திக்கான கணக்கு மட்டும். சப்ளையின் இழப்பு, பம்ப், கான்சென்ட்ரேட்டர் எல்லாவற்றையும் சுவர் பிளக்கில் அளந்து தனியாக எழுதுங்கள். பட்டறை உரிமையாளருக்கு இரண்டாவது எண்தான் கரண்ட் பில்.

நிறம் போவது முதல் படி மட்டுமே. நிறம் தரும் அசோ பிணைப்புகள் (இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பு) அறுந்தாலே நிறம் போய்விடும். பென்சீன், நாப்தலீன் வளையங்கள் அப்படியே தண்ணீரில் இருக்கும். மொத்தக் கரிமக் கார்பனை அளந்தால் பெரும்பகுதி இன்னும் மிச்சமிருப்பது தெரியும். கடைசியில் ஆக்சாலிக், ஃபார்மிக் அமிலங்களாகத் தேங்கும். கார்பன் அளக்கும் கருவி இல்லாமல் சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) மட்டும் பார்ப்பவர்கள், 1 மி.கி. பெராக்சைடு 0.47 மி.கி. சி.ஓ.டி.யாகக் காட்டும் என்பதைக் கழிக்க வேண்டும். பெராக்சைடை டைட்டானியம் சல்ஃபேட் மஞ்சள் நிற முறையில் 410 நானோமீட்டரில் அளக்கலாம். விளைபொருளின் நச்சை எளிதாகப் பார்க்க, பி.எச். சரிசெய்த தண்ணீரில் பச்சைப்பயறை முளைக்கவிட்டு, வெறும் தண்ணீரில் முளைத்ததோடு வேரின் நீளத்தை ஒப்பிடுங்கள்.

ஆய்வுக்கூடத் தண்ணீரில் அழகாக வெளுத்தது பட்டறைத் தண்ணீரில் மந்தமானால் முதலில் சோடா ஆஷைச் சந்தேகியுங்கள். சாயம் பிடிக்கப் போடும் அந்தக் கார்பனேட் ஹைட்ராக்சிலைத் தானே தின்றுவிடும். பைகார்பனேட்டைவிட அது பல மடங்கு வேகம். பி.எச். 4-க்கு இறக்கிக் காற்றடித்தால் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். உப்புக்கு அப்படி வழி இல்லை. குளோரைடு ஹைட்ராக்சிலைப் பிடித்துக் குளோரின் வகைகளாக மாறும். நிறம் வேகமாகப் போவதுபோலத் தோன்றினாலும் குளோரின் ஏறிய கரிமங்களும் குளோரேட்டும் உருவாகலாம். உப்புத் தண்ணீரில் சோதிப்பவர்கள் அவற்றையும் அளந்தாக வேண்டும். மின்முனையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பொறி விடும் ரியாக்டர்கள் இவ்வளவு உப்பில் ஓடவே மாட்டா. மின்சாரம் பொறியாகாமல் தண்ணீர் வழியே கசிந்து சூடாக்கிவிடும். இந்தப் படல அமைப்பில் பொறி வாயுவில் பறப்பதால் உப்பு அதை அணைக்காது.

எது உடைத்தது, ஓசோனா ஹைட்ராக்சிலா என்று அறிய, 10 மில்லிமோலார் டெர்ட்-பியூட்டனால் கலந்து இன்னொரு முறை ஓட்டுங்கள். அது ஹைட்ராக்சிலைப் பிடிக்கும், ஓசோனை அநேகமாக விட்டுவிடும். வேகம் குறைந்த அளவே ஹைட்ராக்சிலின் பங்கைத் தோராயமாகக் காட்டும். மாறவே இல்லையென்றால் உங்கள் ரியாக்டர் ஓசோன் இயந்திரமாகத்தான் ஓடுகிறது. படலத்தை மெல்லிசாக்குங்கள், காய்ந்த கோடுகளைத் தேடுங்கள்.

அமிலத் தண்ணீர் எஸ்.எஸ்.ஸைக் கொஞ்சம் கரைக்கும். கரைந்த இரும்பு பெராக்சைடோடு சேர்ந்து ஃபென்டன் வினையாகி, தானும் ஹைட்ராக்சிலை உண்டாக்கி, வேகத்தைக் கூட்டிக் காட்டலாம், குரோமியமும் இறங்கலாம். மாதத்துக்கு ஒருமுறை சாயமில்லாத தண்ணீரை 30 நிமிடம் பொறியில் ஓட்டி, இரும்பையும் குரோமியத்தையும் அளந்து வையுங்கள்.

நிறுத்தும்போது வோல்ட் பூஜ்யம், சப்ளை நிறுத்தம், எர்த் கம்பி; அதன் பிறகும் 5 நிமிடம் வாயு ஓடட்டும், உள்ளே தேங்கிய ஓசோன் அயோடைடு பாட்டிலுக்குப் போய்விடும். தண்ணீரைச் சோடியம் பைகார்பனேட்டால் நடுநிலையாக்கி ஆய்வுக்கூடக் கழிவுக் கேனில் சேருங்கள். குழாயை நல்ல தண்ணீரில் அலசி, எமரியின் கரகரப்பு இன்னும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகியிருந்தால் மறுபடி தேய்த்த பிறகே அடுத்த ஓட்டம்.